கதகதப்பு: நன்று

குறைந்த வாடகை வீடுகளை நடத்தும் அலுவலகத்தில் எனக்கு வேலை. எங்கள் கட்டிடங்களுக்கு வருடாவருடம் நாங்களே புள்ளி போட்டுக்கொள்வோம். குடியிருப்பவர்களைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்பது விதி.

போன மாசியில், உறைபனிக் குளிரில், செயின்ட்-மிஷேல் பகுதியில் எங்கள் கட்டிடமொன்றில் தனியாக இருந்த ஒரு மட்டக்களப்பு அம்மாவிடம் போனேன். சின்ன ஹீட்டர் ஒன்றை என் காலடிக்குத் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி தந்தார்.

"வீடு குளிருதோ அம்மா?"

"ஒரு குறையும் இல்ல மகன்."

இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். வயசுதான் காரணம் என்று நினைத்தேன், மடையன். படிவத்தில் 'கதகதப்பு: நன்று' என்று எழுதினேன்.

பங்குனியில் அவர் நிமோனியாவில் செத்துப்போனார். வீட்டை ஒழிக்கப் போனபோது பார்த்தேன், நாங்கள் பொருத்திக் கொடுத்த சுவர் ஹீட்டர் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. அந்தச் சின்ன ஹீட்டர் மட்டும்தான் அவருக்கு இருந்தது. நான் இருந்த நேரமெல்லாம் அது என் கால்களைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.