ஓ.டி. காகிதம்

பூவம்மாள் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று சொன்னதை ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். பணத்தாசை பிடித்தவள் என்பார் ஒருவர். பயந்தாங்கொள்ளி என்பார் இன்னொருவர். நான் பக்கத்தில் நின்றவள். அவள் மனதில் சந்தேகத்தைப் போட்டவளும் நான்தான். அதனால் நான் சொல்வதுதான் சரி.

அவளுக்குப் பிறந்த ஊர் ஐயம்பேட்டை. காஞ்சிபுரத்தில் அர்ஜுனன் என்ற பட்டு நெசவுக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் முதலாளியிடம் முன்பணம் வாங்கி, அந்த ஒரு தறியோடு கட்டுப்பட்டுக் கிடந்தவன். அந்தக் கூலி போதாமல்தான் இவள் எங்கள் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஆயா வேலைக்கு வந்தாள். சின்ன சர்க்கார் ஆஸ்பத்திரி. இருபது கட்டில், ஒரு டாக்டரம்மா, ஒரு ஹெட் நர்ஸ், நாலு ஆயாக்கள்.

ஒன்பது வருஷக் கல்யாணத்தில் அவளுக்குத் தங்கியது ஒரே ஒரு பெண். பிறகு இரண்டு முறை கலைந்துவிட்டது. மாதம் ஒரு திங்கட்கிழமை பஸ் ஏறி, பிள்ளை வரம் கேட்டு மாகறல் கோயிலுக்குப் போய்வருவாள். மற்றவர்களின் பிள்ளையைக் குளிப்பாட்டித் துணியில் சுற்றிக் கொடுக்கும்போது கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கொடுப்பாள். அவளுக்கு வேண்டியது இன்னொரு பிள்ளை. அப்போது வயது முப்பது.

அது எழுபத்திரண்டாம் வருஷம். எந்தச் சுவரைப் பார்த்தாலும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம். பிள்ளை பெற்றவர்களுக்கு ஆபரேஷன் பண்ணிப் பணம் கொடுத்து அனுப்பினார்கள். ஆபரேஷன் பண்ணும் அறைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் ஓ.டி. என்று பெயர். டாக்டரம்மாவிலிருந்து பெருக்குகிறவள் வரைக்கும் அப்படித்தான் சொல்வோம். ஓ.டி.க்குப் போகும் முன்னால் ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்குவார்கள். மைப்பெட்டியை எடுத்துப் போவது பூவம்மாளின் வேலை. பெண்களின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்திக் காகிதத்தில் உருட்டுவாள். அவள் கை படாத கைநாட்டு அங்கே குறைவு.

அந்தச் சித்திரையில் எங்களில் ஒருத்தி வேலையை விட்டு நின்றுவிட்டாள். அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. நான், பூவம்மாள், வள்ளி மூன்று பேர்தான். பகலில் வேலை பார்த்தவளே ராத்திரியும் நிற்க வேண்டியதாயிற்று. அதிகம் நின்றவள் பூவம்மாள்.

வைகாசி பாதி தாண்டிய சமயத்தில் ஆபீஸ் கிளார்க் யேசுதாஸ் ஒரு அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு வார்டுக்கு வந்தார். புதிதாக வந்தவர். மெட்ராஸ் பக்கம் ஒரு மில் ஆபீஸில் இருந்துவிட்டு, பரீட்சை எழுதி சர்க்கார் வேலைக்கு வந்தவர். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தையே பார்ப்பார். எனக்கு அதுவே பிடிக்காது.

"ஓ.டி. பேப்பர்மா. கைநாட்டு வைங்க. வெச்சீங்கன்னா பணம் வரும்" என்றார்.

தரை துடைத்துக்கொண்டிருந்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக் கைநாட்டு வைத்துவிட்டேன். வள்ளியும் வைத்தாள். பூவம்மாள் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்ததால் நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. ஓ.டி., கைநாட்டு, பணம். இந்த மூன்றும் சேர்ந்து வருகிற காரியம் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒன்றே ஒன்றுதான். அந்த மாதம் ஹெட் நர்ஸம்மாவுக்கு ஆபரேஷன் கணக்கில் ஆள் குறைகிறது என்றும், வேலை பார்க்கிறவர்களே முன்வர வேண்டும் என்றும் பேச்சு இருந்தது. தூக்கை மூடினேன். பூவம்மாளைத் தேடிப் போனேன்.

"பூவு, அந்த கிளார்க் நாளைக்கு ஒரு காகிதம் எத்துக்கினு வருவார். கை வெக்காதே."

"இன்னா காகிதம்க்கா?"

"ஓ.டி. காகிதம்."

பிழிந்துகொண்டிருந்த துணி அப்படியே அவள் கையில் நின்றது.

"எனக்கா?"

"மூணு பேருக்கும்."

"நீ வெச்சிட்டியா?"

"வெச்சேன். எனக்கு நாப்பத்தெட்டாவுது. என்னைப் படுக்க வெச்சு இனிமே இன்னாத்த வெட்டப் போறாங்க."

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் யேசுதாஸ் வந்தார். பூவம்மாள் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம் சார்."

"பணம் வேணாம்னு சொல்ற ஆளை இப்பத்தான்மா பாக்கறேன்."

"பணத்தைக் கொடுத்துட்டு இன்னாத்த எடுத்துக்கினு போவீங்க?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நேராக ஹெட் நர்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டார். அந்தம்மா வந்து, "பைத்தியமா உனக்கு? ஓ.டி. உனக்கு நல்லதுதானே. எல்லாரும் வாங்கிக்கிறாங்க இல்ல?" என்றாள். ஆபரேஷனுக்குத் தயங்குகிற பெண்களிடம் தினமும் அவள் சொல்கிற வார்த்தையும் இதுதான். பூவம்மாள் முகம் வெளுத்துவிட்டது. நாளைக் காலை பத்து மணிக்கு பில் போகிறது, அதற்குள் கை வைக்காவிட்டால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அந்தம்மா போனாள்.

என்ன அவ்வளவுதான்? வேலை போகுமா? அதை மட்டும் சொல்லவில்லை.

வீட்டில் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். "கேக்காம எவன்டி பணம் கொடுப்பான்? முன்பணம் மாதிரி இருக்குது. வாங்கினா கட்டிப் போட்டுடுவாங்க" என்று அவனும் சொல்லியிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த உலகம் அது.

அப்போது ஜன்னலோரக் கட்டிலில் ஷஹர்பானு டீச்சர் இருந்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர், ஜவுளிக்கடை பாய் வீட்டு மருமகள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்து ஐந்து நாள் ஆகியிருந்தது. அவரை ஓ.டி.க்குக் கொண்டுபோன ராத்திரி, காகிதத்தை நீட்டியதும், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே அந்த இங்கிலீஷ் காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். ஹெட் நர்ஸம்மா பக்கத்தில் நின்று கையைப் பிசைந்தாள். பூவம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

பில் போகிற அன்று காலையில் யேசுதாஸ் வந்தவுடன் பூவம்மாள், "சார், அந்தக் காகிதத்தை டீச்சரம்மாகிட்ட காட்டுங்க. அவங்க படிக்கட்டும்" என்றாள்.

"ஆபீஸ் பேப்பரை பேஷண்ட் கையில கொடுக்க முடியாதும்மா."

"அப்ப நீங்களே புடிச்சிக்கினு நில்லுங்க. அவங்க பாத்துப் படிப்பாங்க."

இவள் கிழித்துவிடுவாள் என்று அவருக்குச் சந்தேகம். மாற்றிவிடுவார் என்று எங்களுக்குச் சந்தேகம். அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பூவம்மாள் இன்னொரு முனையைப் பிடித்தாள். டீச்சர் தலையணையில் சாய்ந்தபடி படித்தார்.

"பூவம்மா, இது ஆபரேஷன் பேப்பர் இல்ல" என்றார். "ஓவர் டைம்னு போட்டிருக்குது. நேரத்துக்கு மேல வேலை பாத்ததுக்குக் கூலி."

"ஓ.டி.ன்னாரே."

"நான் இருந்த மில்லுல ஓ.டி.ன்னா அதுதாம்மா" என்றார் யேசுதாஸ். அப்போதுதான் அவருக்கும் விஷயம் புரிந்திருக்க வேண்டும். காது வரைக்கும் சிவந்துபோனார். பக்கத்துக் கட்டில் பெண் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெசவு வீட்டில் பிறந்தவள் நான். புடவை முடிந்தால் கூலி. அதைப் பகலில் நெய்தாயா, ராத்திரி விளக்கு வைத்துக்கொண்டு நெய்தாயா என்று எந்த முதலாளியும் கேட்டதில்லை. மணிக்கு ஒரு விலை, ராத்திரி மணிக்கு அதைவிட ஒரு விலை என்றால் யார் நம்புவது?

"எத்தினியோ வருஷமா ராத்திரியில நிக்கறோம். இப்ப மட்டும் எங்கேருந்து வந்துச்சு விலை?" என்று கேட்டேன்.

அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்குத்தாம்மா உங்க சம்பளம். அதுக்கு மேல நிக்கிற ஒவ்வொரு மணிக்கும் தனியாக் கொடுக்கணும். ராத்திரி பத்துல இருந்து காலையில ஆறு வரைக்கும் தூங்கற நேரம், அதுக்கு இன்னும் கொஞ்சம் சேத்துக் கொடுக்கணும். ஆளு குறைஞ்ச இடத்துல அப்படிக் கொடுக்கச் சொல்லி இப்பத்தான் நம்ம ஆஸ்பத்திரிக்கு ஆர்டர் வந்துச்சு."

பூவம்மாள் அவரைக் கேட்கவில்லை. டீச்சரையே பார்த்தாள். "எந்தெந்த ராத்திரின்னு எழுதியிருக்குதா?"

"இருக்குது. மே மாசம் மூணாந்தேதி, புதன்கிழமை. ராத்திரி எட்டுல இருந்து காலையில ஆறு."

"புதன்கிழமை ரெட்டைப் புள்ள. ஓரிக்கை ஊரு பொம்பளைக்கு" என்று ஒரு விரலை மடக்கினாள்.

"எட்டாந்தேதி, திங்கட்கிழமை."

"கால் முன்னால வந்த குழந்தை. டாக்டரம்மா வர்ற வரைக்கும் தாய் என் மணிக்கட்டை உடலியே."

இப்படி ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பிள்ளையைச் சொன்னாள். டீச்சர் கடைசியாக, "இருபத்தொம்பது, திங்கட்கிழமை" என்றதும், "அது நீங்க" என்றாள். டீச்சர் தொட்டிலைப் பார்த்துக்கொண்டார்.

பூவம்மாளின் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. மைப்பெட்டிக்குக் கையை நீட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எட்டுதான் படிச்சீங்க. நான் பத்து ராத்திரி நின்னேன். கருட சேவை ரெண்டு ராத்திரி எங்க?"

பெருமாள் கருட சேவைக்கு ஊரே நிரம்பி வழியும். காலரா ஊசி போடக் கூடாரம் அடித்து எங்களை அங்கே அனுப்பியிருந்தார்கள். முதல் நாள் ராத்திரியும் அன்று ராத்திரியும் நானும் அவளும் அங்கேதான் நின்றோம்.

"அது கேம்ப்மா. ஆஸ்பத்திரி டூட்டி புஸ்தகத்துல வராது. அங்க சாப்பாடு கொடுத்திருப்பாங்களே" என்றார் யேசுதாஸ்.

"புளிசோத்துப் பொட்டலம் ஒண்ணு கொடுத்தாங்க. சார், அங்க நான் நின்னேனா, நிக்கலியா?"

"நின்னீங்க."

"பகல்லயா, ராத்திரியிலயா?"

"ராத்திரியிலதான்."

"எட்டு மணி நேரத்துக்கு உள்ளயா, மேலயா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் அவரே சொல்லிக்கொடுத்த பாடம் அது. மணி பத்தாகப் போகிறது, இப்போது திருத்தினால் மூன்று பேர் பில்லும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும், எட்டை வாங்கிக்கொள்ளுங்கள், மீதியைப் பிறகு பார்க்கலாம் என்றார். வள்ளிக்குக் கோபம் வந்துவிட்டது.

"உன்னால நாங்க ஏன்டி ஒரு மாசம் காத்துக்கினு கெடக்கணும்? எனக்குக் கேம்ப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெச்சுத் தொலையேன்."

"எட்டுதான்னு நான் கை வெச்சா எட்டுதானே யக்கா? அப்புறம் பத்துன்னு சொன்னா எவன் கேப்பான்?" என்றாள் பூவம்மாள்.

வள்ளி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு என் வரிசையைப் பற்றிய நினைப்பே வந்தது. எத்தனை என்று தெரியாமலே கை வைத்திருக்கிறேன். டீச்சரைப் படிக்கச் சொன்னேன். ஆறு என்றார். எனக்கும் கருட சேவை இல்லை.

"பில் போவ வேணாம்" என்றேன்.

யேசுதாஸ் பெருமூச்சு விட்டுக் காகிதத்தை மடித்தார். அதில் என் கைநாட்டு இருக்கிறது, என் கண் முன்னால் கிழியுங்கள் என்றேன். சர்க்கார் காகிதத்தைக் கிழிக்கக் கூடாது என்று சொல்லிக் குறுக்கே இரண்டு கோடு போட்டுக் காட்டினார். எனக்குப் போதவில்லை. இன்னொரு கோடு போடச் சொன்னேன்.

ஒரு மாதம் வள்ளி எங்களோடு பேசவில்லை. ஹெட் நர்ஸம்மா பூவம்மாளை வக்கீல் என்று கூப்பிட்டாள். கேம்ப் புஸ்தகத்தைத் தேடி யேசுதாஸ் இரண்டு ஆபீஸ் ஏறி இறங்கியதாகச் சொன்னார். ஏறினாரோ, ஏறவில்லையோ.

புதுக் காகிதம் வந்தபோது டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டார். வேறு யார் படித்தாலும் பூவம்மாள் ஒப்பவில்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை யேசுதாஸ் அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சட்டைப் பையில் மைப்பெட்டி உப்பிக்கொண்டிருக்க, முன்னால் நடந்தார். அவர் எங்காவது நின்று காகிதத்தை மாற்றிவிடாதபடி நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே நடந்தோம். டீச்சரின் மாமியார் எங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று நினைத்துச் சர்பத் கொடுத்தார்.

டீச்சர் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு படித்தார். வள்ளிக்கு ஐந்து. வைத்தாள். பூவம்மாளுக்குப் பத்து. இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு யார் உதவியும் இல்லாமல் தன் கட்டைவிரலைத் தானே மையில் அழுத்தி, மெதுவாக உருட்டி எடுத்தாள்.

எனக்கு ஒன்பது என்றார் டீச்சர்.

ஆறும் இரண்டும் எட்டு. இந்த ஒன்று எங்கிருந்து வந்தது? நாளைக்கு யாராவது வந்து, நிற்காத ராத்திரிக்குக் கை வைத்தாயே என்று கேட்டால்? நான் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"இது யாரோட ராத்திரி சார்?"

"உங்களோடதுதாம்மா. ஹெட் நர்ஸ் புஸ்தகத்துல இருந்துச்சு. போன தடவை நான் பாக்காம உட்டுட்டேன்."

"நான் நிக்கலியே."

"நின்னே யக்கா" என்றாள் பூவம்மாள். "வள்ளியக்காவுக்குக் காய்ச்சல் அடிச்சுப் பாதியில போனாங்களே. வீட்ல படுத்திருந்த உன்னைப் பதினோரு மணிக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டாங்க. பொண்ணு பொறந்துச்சு."

வள்ளி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் அதை ஹெட் நர்ஸம்மா எதற்காக மெனக்கெட்டு எழுதி வைத்தாள் என்று மட்டும் விளங்கவில்லை. அவள் அப்படிச் செய்கிற ஆளே இல்லை. டீச்சரை அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தேன்.