அம்மா போட வேண்டிய கையெழுத்து

சைத்ராவின் போனுக்குத் தினமும் காலை பத்தேகாலுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். அன்புள்ள பெற்றோரே, தங்கள் மகள் இன்று வகுப்புக்கு வரவில்லை என்று இங்கிலீஷில் இருக்கும். கல்லூரியிலிருந்து அவள் அம்மாவுக்குப் போக வேண்டிய செய்தி அது. சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் எண் என்று கேட்டிருந்த கட்டத்தில் அவள் தன் இரண்டாவது சிம்மின் எண்ணை எழுதிவிட்டாள். அன்றைக்கு அதில் சூது ஒன்றும் இல்லை. அம்மா வரலட்சுமி வைத்திருப்பது பட்டன் போன். இங்கிலீஷில் எது வந்தாலும் மகள்தான் படித்துச் சொல்ல வேண்டும், சுற்றி வளைப்பானேன் என்றுதான் நினைத்தாள். இப்போது சிங்காநல்லூர் விடுதி அறையில், போர்வைக்குள் சுருண்டு கிடந்தபடி, தனக்குத் தானே பெற்றோராகி அதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது? காரமடைப் பக்கத்து அரசுப் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவள் அவள். ஊர் முக்கில் அவள் படம் போட்டு பேனர் கட்டினார்கள். எலெக்ட்ரானிக்ஸ் சேர்ந்தாள். முதல் இரண்டு செமஸ்டரைப் புரிந்தும் புரியாமலும் மனப்பாடம் செய்தே கரையேறிவிட்டாள். மூன்றாவது செமஸ்டரில் ஒரு நாள் லேபில் ஆசிரியர் கேள்வி கேட்டார். பதில் தெரியும். ஆனால் வாயில் தமிழில்தான் வந்தது. "பதில் கரெக்ட். எந்தக் கம்பெனிக்காரன்மா உன்னைத் தமிழ்ல கேப்பான்?" என்றார் அவர். நாலைந்து பேர் சிரித்தார்கள். பெரிய சிரிப்புகூட இல்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மறுநாள் காலை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள், இல்லை. தலைவலி என்று சொல்லிக்கொண்டாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. அறையில் உடனிருந்த தேஜாவும் வர்ஷினியும் முதல் வாரம் உலுக்கி எழுப்பினார்கள். கல்லூரி பஸ் போய்விடும் என்று திட்டினார்கள். பிறகு அவள் தூக்கம் கலையக் கூடாதே என்று விளக்குப் போடாமல், சத்தமில்லாமல் கிளம்பப் பழகிக்கொண்டார்கள். நல்ல பெண்கள்தான். ஆனால் அந்த நல்லதனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. விழித்தே கிடந்து, கதவு சாத்தப்படும் வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாள்.

பகல் முழுக்க அவளுக்கு ஒரே ஒரு வேலை இருந்தது. மாலை ஆறரைக்கு அம்மா போன் செய்வாள், அதற்குத் தயாராக வேண்டும். இன்றைக்கு என்ன லேப், யார் என்ன கேட்டார்கள், மதியம் யாரோடு சாப்பிட்டாள், எல்லாவற்றையும் படுத்தபடியே இட்டுக்கட்டுவாள். தன்னை மெச்சிக்கொள்ளும் ஒரு மேடத்தையும் உண்டாக்கி வைத்திருந்தாள். அம்மாவுக்கு அந்த மேடத்தின் மேல் உயிர். "அந்த மேடம் இன்னிக்கு என்ன சொன்னாங்க?" என்று மறக்காமல் கேட்பாள். போனை வைத்ததும் சைத்ராவுக்கு உடம்பெல்லாம் கூசும். செத்துப்போய்விட்டால் தேவலை என்றுகூட ஒன்றிரண்டு நாள் தோன்றியது. தோன்றியதே என்று பயந்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டால்தான் என்ன? அங்கேதான் சிக்கல். அப்பா திருமலைசாமிக்கு அவள் ஹாஸ்டலில் தங்குவதில் துளியும் இஷ்டமில்லை. வாழைத்தோப்பிலிருந்து சாப்பிட வந்தவர், சேர்க்கைக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே ஒரு காலேஜில் சேர்த்தால் போதும் என்றார். அம்மா விடவில்லை. அந்த வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். அன்று அம்மா தெலுங்கில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "அவளுக்கு நான் பொறுப்புங்க. அவ ஒழுங்கா காலேஜ் போகலைன்னு ஒரு சொல்லு வரட்டும், அப்பறம் இந்த ஊட்ல நான் எதுக்கும் வாயே தொறக்கலீங்க." அப்பா கெட்டவர் இல்லை. கை ஓங்கியதில்லை, கத்தியதுகூட இல்லை. ஆனால் யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் மறக்கவே மாட்டார். தான் பரீட்சையில் தோற்பது சைத்ராவுக்குப் பெரிதில்லை. அந்த மனிதர் முன்னால் அம்மா தோற்றுப்போவாளே என்பதுதான் பெரிது.

டிசம்பரில் வகுப்பு ஆசிரியர் வேங்கடசாமி ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டார்.

"எழுபத்தஞ்சு பர்சென்ட் அட்டெண்டன்ஸ் வேணும். உனக்கு நாப்பத்தெட்டு இருக்கு," என்றார். "அம்மாவோ அப்பாவோ வந்து, உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, மேல நான் பேசிப் பார்க்கறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வரணும். இல்லைன்னா பரீட்சை எழுத முடியாது. அடுத்த வருஷம் ஜூனியர் பசங்களோட உக்காந்து மறுபடி படிக்கணும், புரியுதாம்மா?"

புரிந்தது. பெற்றோர் இருவரையும் அழைக்க முடியாது என்பதும் புரிந்தது. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது.

விடுதியில் சமைப்பவர் பாவாத்தாள், தொண்டாமுத்தூர்க்காரர், ஐம்பதை நெருங்கியவர். பகலில் அந்த அறையில் ஒரு பெண் கிடக்கிறாள் என்பது வார்டனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பதினோரு மணிக்கு மீந்த இட்லியைத் தட்டில் போட்டு எடுத்து வந்து வைத்துவிட்டுப் போவார். ஏன் காலேஜ் போகவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சைத்ரா அவரிடம் போய், ஒரே ஒரு நாள் என் அம்மாவாக வர முடியுமா என்று கேட்டாள்.

"என்னது? நானா? அடி ஆத்தீ!" என்று கரண்டியைப் போட்டுவிட்டார் பாவாத்தாள். "எனக்குப் பொய் சொல்ல வராது கண்ணு. சொன்னா மூஞ்சியே காட்டிக் குடுத்துப்போடும்."

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாங்க்கா. கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"கையெழுத்தெல்லாம் போடுவேன், அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கறன்ல." கீழே கிடந்த கரண்டியை எடுத்துக் கழுவினார். என்ன நினைத்தாரோ, "செரி, வாரேன்," என்றார்.

வியாழக்கிழமை மத்தியானம், பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, பட்டுப்போல் மின்னும் ஒரு பச்சைச் சேலையில் பாவாத்தாள் வந்து நின்றார். பஸ்ஸில் போகும்போது சைத்ரா சொல்லிக் கொடுத்தாள். பேர் வரலட்சுமி, ஊர் காரமடைப் பக்கம், வாழை விவசாயம். பாவாத்தாள் உதடசைத்து உருப்போட்டுக்கொண்டே வந்தார். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவள், ஒன்றை மட்டும் மறந்துபோனாள். பிறந்ததிலிருந்து வீட்டில் பேசும் பேச்சை யார்தான் ஒரு விஷயமாக நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

வேங்கடசாமி எழுந்து நின்று கும்பிட்டார். படிவத்தில் திருமலைசாமி, வரலட்சுமி என்ற பேர்களையும் ஊரையும் பார்த்து, நம்மவர்கள் என்று முடிவு செய்து வைத்திருந்தார் போலிருக்கிறது. முகம் மலர்ந்து, "பாகுன்னாராம்மா?" என்றார்.

சாரும் தெலுங்கு வீட்டுக்காரர் என்பது அந்த நிமிடம்தான் சைத்ராவுக்குத் தெரிந்தது.

பாவாத்தாள் அசரவில்லை. கோயம்புத்தூரில் இருந்துகொண்டு அந்த ஒரு வார்த்தைகூடவா தெரியாது? "நல்லா இருக்கறனுங்க சார்," என்று சிரித்தார். வேங்கடசாமி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, தெலுங்கிலேயே அடுத்ததைக் கேட்டார். காரமடையில் தன் அத்தை வீடு இருக்கிறது, நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றார் பாவாத்தாள்.

சாரின் புருவம் கொஞ்சம் சுருங்கியது. பஸ்ஸில் வந்தீர்களா, வீட்டுக்காரர் வரவில்லையா என்றார்.

"ஆமாங்க சார், ஆமாங்க."

வேங்கடசாமி பேனாவை மூடி மேசையில் வைத்தார். சைத்ராவைப் பார்த்து, யார் இது என்று அதே தெலுங்கில் கேட்டார். மொழி புரியாவிட்டாலும் பாவாத்தாளுக்கு நடந்தது புரிந்துவிட்டது. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தார்.

"சார், மன்னிச்சுக்கோங்க. நான் அவங்க ஹாஸ்டல்ல சோறாக்கறவளுங்க. பொய் சொல்ல வந்தது தப்புதானுங்க. ஆனா ஒண்ணு சொல்றனுங்க. இந்தப் புள்ள ஊர் சுத்தறதில்லீங்க, யாரோடயும் பேச்சு வெச்சுக்கறதில்லீங்க. விடிஞ்சு பொழுதடையற வரைக்கும் செவுத்தப் பாத்துப் படுத்தே கெடக்குதுங்க. வெச்ச இட்லி வெச்ச மாதிரியே காஞ்சு கெடக்கும். என்னமோ ஆயிருச்சு சார் அதுக்கு. அதைப் பெரியவங்க யார்கிட்டயாச்சும் சொல்லிப்போடலாம்னுதான் நான் வந்ததே."

நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தாலும் யாரும் சொல்ல மாட்டாத அந்த வார்த்தைகளை ஒரு சமையல்கார அம்மாள் சொன்னார். சைத்ராவுக்கு அழுகை முட்டியது. அந்த நொடியே சார் மனசு இளகி ஏதாவது வழி செய்துவிடுவார் என்று ஒரு ஆசைகூட வந்தது. ஆனால் தன்னை ஏமாற்றப் பார்த்தார்களே என்ற சூடு அவருக்கு இன்னும் தணியவில்லை. "இது எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது, உங்க வீட்டுக்குத் தெரியணும்," என்றார். "அம்மா நம்பரைச் சொல்லு. உண்மையான நம்பர்."

சொன்னாள். அவர் தன் போனில் அடித்து, ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தார். இரண்டாவது மணியிலேயே அம்மா எடுத்தாள். சைத்ராவின் காலேஜிலிருந்து அவள் சார் பேசுகிறேன் என்று அவர் தெலுங்கில் சொன்னதும் அம்மாவின் குரல் தெலுங்கிலேயே பொங்கிக்கொண்டு வந்தது.

"சாருங்களா! வணக்கமுங்க சார். இருங்க, ஒரே நிமிசம், வெச்சுராதீங்க." குரல் போனை விட்டு விலகியது. "ஏனுங்க, இங்க வாங்க. சீக்கிரம் வாங்க. காலேஜ் சார் கூப்பிட்டிருக்காரு, நம்ம புள்ளையப் பத்தி. நீங்களும் உங்க காதாலயே கேளுங்க."

ஒன்றரை வருடமாக அம்மா எதற்காகக் காத்திருந்தாள் என்பது அந்தக் குரலில் அப்படியே தெரிந்தது. செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா செருமிக்கொண்டு, "சொல்லுங்க சார்," என்றார்.

வேங்கடசாமியின் கோபமெல்லாம் எங்கே போனதோ. போனை மெல்ல சைத்ராவின் பக்கம் நகர்த்தினார். "என்னால ஆகாதும்மா. நீயே சொல்லு."

அவள் சொன்னாள். "அப்பா, நான்தானுங்க. மூணு மாசமா நான் கிளாஸுக்கே போகலீங்கப்பா. ரூம்லயேதான் கெடக்கறேன். என்னால எந்திரிக்க முடியலீங்க." அழாமல் சொல்ல முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்பா அவளைத் திட்டவில்லை. உடம்புக்கு என்ன என்றும் கேட்கவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல், ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"கேட்டயா?"

எதற்கும் உடனே பதில் சொல்லும் அம்மா இதற்கும் ஏதாவது சொல்வாள் என்று சைத்ரா காத்திருந்தாள். பாவாத்தாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். போன் திரையில் நொடிகள் ஓடிக்கொண்டே இருந்தன.

"அம்மா," என்றாள். "அம்மா, ஏதாச்சும் பேசுங்கம்மா."

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. அம்மா பேசவும் இல்லை.