நுள்ளிய அடையாளம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் பிசியோதெரபி மாணவன். பயிற்சிக்காகக் கொழும்பிலிருந்து கல்முனையில் இருந்த ஒரு தனியார் டிஸ்பென்சரிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கேதான் பக்கத்து ஊரான சாய்ந்தமருதிலிருந்து வந்த அந்த மீனவரைச் சந்தித்தேன். உயரமான மனிதர். இடுப்பில் உப்பேறிய சாரம், வலையிழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கை.

பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து சிகிச்சைக்கு வந்திருந்தவர் அவரல்ல, அவருடைய மனைவி. அந்நிய ஆண் தொடுவது வழக்கமில்லை என்பதால் அந்தப் பெண் திரைக்கு அப்பால் படுத்திருப்பார். நான் கணவரின் கையைப் பிடித்துப் பயிற்சியைக் காட்டுவேன். அவர் உள்ளே போய் அதை அப்படியே மனைவிக்குச் செய்வார்.

"நோகுதெண்டு சொல்றாவா, காக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"வாயே திறக்கமாட்டா, தம்பி. நொந்தா இடக்கையால என்னய நுள்ளுவா."

அன்றிலிருந்து, திரையை விலக்கி வெளியே வந்ததும் அவர் சட்டைக் கையை மடித்து முன்னங்கையை நீட்டுவார். நகம் கிள்ளிப் பதிந்த ஆழத்தைப் பார்த்து நான் பயிற்சியைக் கூட்டுவேன், குறைப்பேன்.

வாரங்கள் போயும் வலக்கை அசையவில்லை. இனி நிறுத்திவிடலாம் என்றார் டொக்டர். அதைச் சொல்லக் காத்திருந்தபோது காக்கா வெளியே வந்து வழக்கம்போலக் கையை நீட்டினார். ஆழமான தடத்துக்குப் பக்கத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு மெல்லிய கீறல்.

"இது அவட வலக்கை நுள்ளினது, தம்பி."

நான் டொக்டர் சொன்னதைச் சொல்லவில்லை. அந்தக் கையையே பிடித்து அடுத்த பயிற்சியைக் காட்டினேன்.

அவருடைய மனைவியை நான் ஒருநாளும் கண்டதில்லை. கண்டது அந்தக் கீறலை மட்டும்தான்.