அடிக்காத தீ அலாரம்

பலாங்கொடை டவுனில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியை வாடகைக்கு எடுத்துத் தையல் வகுப்பு நடத்தினேன். தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்கள்தான் என் மாணவிகள்.

ஒரு நாள் பகலில் கீழ்க்கடையில் தீப்பிடித்து, கரண்ட் போய்விட்டது. அலாரம் அடிக்கவில்லை. கதவிடுக்கில் புகை நுழைந்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஜன்னலில்லாத படிக்கட்டில், பெயருக்கு மாட்டியிருந்த அவசர விளக்கும் எரியவில்லை.

"டீச்சர், படி தெரியலங்க!" என்று அலறிய செல்வி, இருட்டில் உருண்டு விழுந்து கையை முறித்துக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு, சுவரைத் தடவியபடி எப்படியோ இறங்கினோம்.

வெளியே கட்டட முதலாளி நின்றிருந்தார்.

"அலாரம் ஏன் அடிக்கல?" என்று கேட்டேன்.

"சும்மா சும்மா கத்துதுன்னு நான்தான் ஆஃப் பண்ணி வச்சேன். யாரும் சாகலதானே? பிடிக்கலன்னா காலி பண்ணுங்க."

"செத்திருந்தா இப்படித்தான் பேசுவீங்களா?" என்று ரோட்டிலேயே கத்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த மனிதரை நான் மன்னிக்கவே மாட்டேன்.

இப்போது வகுப்புக்கு எந்த இடம் பார்க்கப் போனாலும், மெயின் சுவிட்சை அணைத்துப் படிக்கட்டின் அவசர விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறேன். அலாரத்தையும் அடித்துக் காட்டச் சொல்கிறேன். முகம் சுளிக்கிறவரிடம் வாடகை எவ்வளவு என்றுகூடக் கேட்பதில்லை.