இனிப்பா கசப்பா என்று கேட்டவர்

கொச்சி வைட்டிலாவில் பஸ் மாறிக்கொண்டிருந்தபோது என் கணவர் சதீஷின் போன் வந்தது. "நம்ம புஷ்பம் அக்கா போயிட்டாங்க" என்றார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம். கிடந்து அவதிப்படவில்லை என்று கேட்டதும் மனம் கொஞ்சம் ஆறியது. அன்று மகள் மீனுவுக்குக் காய்ச்சல். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மரத்தோட்டத்துக்குப் போய்வரும் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களுக்கு அக்காவை நன்றாகத் தெரியும். வாசலில் டிக்கெட் கிழிப்பவர். நாய்களையும் உள்ளே விடுவார், ஆனால் கயிற்றைத் தாமே இழுத்துப் பார்த்த பிறகுதான். எங்கள் நாய்கள் கறுப்பனையும் பிஸ்கட்டையும் சதீஷ் கூட்டிக்கொண்டு போனால், "இது என்ன சேட்டா, முல்லப்பூ தொடுத்த மாதிரி ஒரு முடிச்சு?" என்று அவிழ்த்து மறுபடி கட்டுவார்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். புல்லில் உட்காரும் முன் விரிப்பைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பேன். வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அக்கா ஒருநாளும் சிரித்ததில்லை. "நீ பாத்துக்கோ மோளே. பாத்துட்டா நிம்மதியா உக்காரலாம்ல" என்பார்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக் குளக்கரையில் மீனு கையில் ஒரு பச்சைக் காயோடு நின்றாள். மாங்காய் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணாந்து பார்த்தால் ஒதளமரம். அதன் பருப்பு ஆளைக் கொன்றுவிடும் என்று இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. காயில் பல் பதிந்திருந்தது.

நான் கத்தினேன். சதீஷ் அவள் வாய்க்குள் விரலை விட்டார். தின்றாயா, எவ்வளவு தின்றாய் என்று இருவரும் மாறி மாறிக் கேட்க, குழந்தை பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு அக்கா ஓடிவந்தார். எங்களை விலக்கிவிட்டு ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்தார். ஏதோ பலகாரத்தைப் பற்றி விசாரிப்பதுபோல, "இது எப்படி இருந்துச்சு மீனுக்குட்டி, இனிப்பா கசப்பா?" என்றார்.

மீனு வாயைத் திறந்தாள். "எனக்குத் தெரியாது. பிஸ்கட்தான் கடிச்சான்."

அக்கா பிஸ்கட்டின் தாடையைப் பிரித்து, பல்லிடுக்கிலிருந்து நாரை வழித்தெடுத்தார். பிறகு தோட்டக்காரரிடம் அரிவாள் வாங்கிக் காயைப் பிளந்து காட்டினார். உள்ளே பருப்பு முழுசாக இருந்தது.

அப்போதும் அவர் விடவில்லை. "குழந்தை சொன்னது சரிதான். இருந்தாலும் டாக்டர்கிட்ட காட்டிருங்க. நாயையும் கொண்டுபோங்க" என்று தாமே ஆட்டோ பிடித்தார். நாயை ஏற்றத் தயங்கிய டிரைவரிடம், "உன்னைக் கடிச்சா என்கிட்ட வா" என்றார். மாலைவரை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் மீனுவை அனுப்பினார். பிஸ்கட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அக்காவிடம் போனில் சொன்னபோது, "அப்பாடா, இனிமேதான் சாயா இறங்கும்" என்றார். அவரும் பயந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த உட்காருதலைத்தான். நேற்று மீனு எதையோ வாயில் அடக்கிக்கொண்டு முழித்தாள். நான் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, இனிப்பா கசப்பா என்று கேட்டேன். குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் அவள் ஓடவில்லை. கிட்டே வந்து நாக்கை நீட்டினாள். ஒரு திராட்சைப்பழம்.