உரைகல்லில் தெரியாத தங்கம்

குகதாசன் இறந்த செய்தி வந்தபோது நான் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு, சோதனைச் சாவடி வரிசையில் அடையாள அட்டையும் கையுமாக நின்றேன். கைப்பேசி அடித்தது. அந்த வரிசையில் நின்றுகொண்டு யார் எடுப்பார்? மறுபடி பஸ் ஏறிய பிறகுதான் அவருடைய மனைவி வதனியின் அழைப்பு என்று கண்டு திருப்பி எடுத்தேன். “அண்ணை, இவர் எழும்பேல்லை. தட்டித் தட்டிப் பாத்தனான், எழும்பேல்லை,” என்றார். “வாறன்,” என்றேன்.

கேட்டதற்கு உள்ளபடி பதில் சொல்லுகிற வியாதி குகதாசனுக்கு இருந்ததை அவரோடு பழகிய எல்லோரும் அறிவார்கள். என் மகளின் நடன அரங்கேற்றம் முடிந்ததும் என் மனைவி பெருமையோடு, “எப்பிடி இருந்தது?” என்று கேட்டுவிட்டாள். “நல்லது. ரெண்டு இடத்தில தாளம் பிசகினது,” என்றார் மனிதர். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவருக்குத் தேநீர் கிடைக்கக் கனகாலம் எடுத்தது.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை செய்தோம். இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்துகிற ஊக்கிகளை அவர் தயாரித்தார். தங்கத்தையும் பலேடியத்தையும் கரைசலில் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாத கலப்புத் துகள்களாக்கி, வெள்ளை ஒட்சைட்டுத் தூளின்மேல் படியவைக்க வேண்டும். கரைசலோடு வரும் குளோரைட்டு மிஞ்சினால், சூடாக்கும்போது துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும். பருத்த தங்கம் நகைக்கு உதவும், ஒட்சியேற்றத்துக்கு உதவாது. ஆகவே கழுவுவார், கழுவிய நீரில் வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விடுவார், பாலாகக் கலங்கினால் குளோரைட்டு இன்னும் இருக்கிறதென்று மறுபடி கழுவுவார். எனக்கோ பசி வயிற்றைக் கிள்ளும். “தெளிஞ்சிட்டுது, வாரும் சாப்பிடுவம்,” என்பேன். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “உமக்குத் தெளிஞ்சிட்டுது. தண்ணிக்குத் தெளியேல்லை ஐசே,” என்பார்.

ஒரு நாள் அந்தத் தூள் வேலை செய்தது. குரோமிய உப்பு என்ற நஞ்சைக் கொண்டு மற்றவர்கள் செய்கிற ஒட்சியேற்றத்தை, அவருடைய சாம்பல் நிறத் தூள் ஒட்சிசனை மட்டும் கொண்டு செய்தது. பென்சைல் அற்ககோல் பென்சல்டிகைட்டாக மாறி, கூடம் முழுக்க வாதுமை மணம். “மணக்குதே ஐசே? உண்மையா மணக்குதே?” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் என்னிடம் உறுதி கேட்டது அந்த ஒரு தடவைதான்.

துகள்களைப் படமெடுத்துக் காட்டாமல் எந்த ஆய்வுச் சஞ்சிகையும் நம்பாது. அதற்கு வேண்டிய இலத்திரன் நுணுக்குக்காட்டி எங்களிடம் இல்லை. வெளிநாடு போகவிருந்த நண்பரிடம் கொடுத்துவிடுவதற்காகக் தூள் நிரப்பிய குப்பிகளைத் தன் வெள்ளவத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். பாழாய்ப்போன அன்றைக்குத்தான் சுற்றிவளைப்பு, வீடு வீடாகச் சோதனை. பொலிஸ் அதிகாரி குப்பியைத் தூக்கிப் பிடித்து, “மே மொகக்த?” என்று சிங்களத்தில் கேட்டார். இது என்ன என்று கேட்டால், முகத்துக்குப் பூசுகிற பவுடர் என்று சொல்லியிருக்கலாம். நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். குகதாசன், “ரத்தரன்,” என்றார். தங்கம்.

அவரையும் தூளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு தட்டாரை அழைத்து, தூளை உருக்கியும் உரைகல்லில் உரைத்தும் பார்க்கச் சொன்னார்கள். “இதில தங்கம் இல்லை,” என்றார் தட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நூற்றில் ஒரு பங்கு, அதுவும் அப்படிப்பட்ட துகள். எந்த உரைகல் காட்டும்? நான் பொலிஸ் நிலையத்துக்குப் போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ தங்கம், ஆனால் தங்கமாகத் தெரியாது. அப்படித்தானே?” என்று சிரித்தார். தங்கம் என்று பொய் சொன்னவன் வேறு எதை மறைக்கிறான் என்பதே அவர்களுடைய கேள்வி. அந்தக் கேள்வியோடு மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

திரும்பி வந்தவர் வேறொருவர். மேசையில் சும்மா உட்கார்ந்திருப்பார். “என்ன யோசினை?” என்றால், “ஒண்டுமில்லை.” பையில் என்ன என்றால், மத்தியானச் சோற்றுப் பார்சலாக இருந்தாலும், “ஒண்டுமில்லை.” என் மேசை லாச்சியில் அவர் செய்த தூள் ஒரு குப்பி மிஞ்சியிருந்தது. அதைக் காட்டி, “திரும்பச் செய்வம், நானே நிண்டு கழுவித் தாறன்,” என்று கெஞ்சினேன். அதைக் கையில்கூட வாங்கவில்லை. “செய்து? ஆரிட்ட போய் என்னெண்டு சொல்லுறது?” என்றார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு வரவில்லை.

செத்தவீட்டுக்குப் போகும்போது அந்தக் குப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவரோடு பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று எண்ணம். வெள்ளவத்தைக்கு முன்னாலிருந்த சாவடியில் ஒரு சிப்பாய், மீசைகூடச் சரியாக முளைக்காத பொடியன், அதை எடுத்து ஆட்டிப் பார்த்தான். “மே மொகக்த?”

குகதாசனுக்கு நான் செய்யக்கூடியதாக அந்த ஒரு பதில்தான் மிச்சமிருந்தது. “ரத்தரன்” என்ற சொல் நாக்குவரைக்கும் வந்தது.

“முக்குத் நே,” என்றேன். ஒன்றுமில்லை.

குப்பியைத் திருப்பித் தந்தான். பெட்டிக்குள் வைக்க எனக்கு முகமில்லை. இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.