ஆறடி என்று எழுதியவன் நான்

சீனாவோடு சண்டை நடந்த அந்த ஐப்பசியில் புத்தூரில் எங்கள் தெருவில் நாற்பத்தோரு வீடுகள் இருந்தன. நாற்பத்தோரு வீட்டிலும் நான் பதுங்கு குழி வெட்ட வைத்தேன். அதில் ஒரு குழி ஒரு வீட்டைச் சாய்த்தது. அந்தக் குழியைப் பற்றி நான் ஒரு பொய் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு வாத்தியார், தற்காலிக வேலை. எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி சென்னை ராஜ்யத்தின் பக்கம் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாங்கள் ஆந்திராவின் பக்கம் நின்றுவிட்டோம். தமிழ்ப் பிரிவு இருக்குமா, போகுமா என்று யாருக்கும் தெரியாது. மேலே இருந்து வரும் காகிதமெல்லாம் தெலுங்கில் வரும். இரண்டு மொழியும் பிழையில்லாமல் எழுதப் படிக்கத் தெரிந்தவன் தெருவில் நான் ஒருவன்தான். அந்தத் தகுதியை வைத்து வேலையை நிரந்தரமாக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அன்று என் ஒரே நினைப்பு. தேசபக்தி இல்லை என்று சொல்லமாட்டேன். அது இருந்தது. அதற்கு முன்னால் இது நின்றது.

விமானத் தாக்குதலுக்கு வீடுகளைத் தயார் செய்ய வேண்டும் என்று அச்சடித்த தாள் ஒன்று வந்தது. ஊர் நடுவே ரயில் பாதை போவதால் எங்களுக்கும் அது பொருந்தும் என்றார்கள். விளக்குக்குக் கறுப்புக் காகித மூடி. கண்ணாடி ஜன்னலில் குறுக்கும் நெடுக்கும் காகிதப் பட்டை. வாசலில் இரண்டு வாளி மணல், ஒரு தொட்டித் தண்ணீர். கொல்லையில் இடுப்பளவு ஆழத்துக்குப் பதுங்கு குழி, சுவரிலிருந்து ஆறடியாவது தள்ளி. நான் அதைத் தமிழில் எழுதி, மாலையில் பள்ளி விட்டதும் ஒவ்வொரு வாசலாக நின்று உரக்கப் படித்தேன்.

முதல் வீட்டிலேயே சிரிப்பு. அங்கே இருந்தவர் மாட்டுத் தரகர்.

“சீனாக்காரன் புத்தூர தேடிக்கினு வருவானா சார்? திருப்பதிக்கு வர்றவனே ரேணிகுண்டாவுல எறங்கி வழி கேக்கறான்.”

“ரயில் பாதை இருக்கிறதே, தரகரே. மேலே இருந்து பார்த்தால் தண்டவாளம் நன்றாகத் தெரியும்.”

“நாம எந்தப் பக்கம்னு நமக்கே இப்பத்தான தெரிஞ்சிது. அவனுக்கு எப்படித் தெரியும்?”

அடுத்த வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர் கொல்லைக்குப் போய்க் கயிற்றால் அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாள் அவர் கடப்பாரையைத் தூக்கினார். “இந்த வாத்தியாரு சீனாக்காரன விட மோசம்பா” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே வெட்டினார். அந்தப் பேச்சை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசியில் மண்ணைத் தோண்டக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் சிறுபிள்ளைக்கும் தெரியும். கிணறு எடுப்பது, கடைக்கால் போடுவது எல்லாம் தை பிறந்த பிறகுதான். அடைமழையில் செம்மண் ஊறிச் சரிந்துவிடும். பலர் அதைச் சொன்னார்கள். “சண்டை தை மாதத்துக்குக் காத்திருக்குமா?” என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தேன். கேள்வி நன்றாக இருந்தது. மண்ணுக்கு அது தெரியாது.

பதினைந்து நாளில் நாற்பது வீடு முடிந்தது. வீட்டு எண், குழியின் நீளம், ஆழம், சுவரிலிருந்து தூரம் என்று ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மேலதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. ஒரு வீடுகூட விடாமல் முடித்தால் எங்கள் தெருவை மாதிரித் தெரு என்று அறிவிப்பார்களாம். மிச்சம் இருந்தது ஒரே வீடு.

அது ரயில் நிலையத்தில் இட்லி விற்ற ஓர் அம்மாவுடைய வீடு. கணவர் இல்லை. பதினாறு வயதில் ஒரு மகள். முன்னால் ஓர் அறை, பின்னால் சமையற்கட்டு, இரண்டுக்கும் மண் சுவர், மேலே ஓலை. சமையற்கட்டில்தான் ஆட்டுக்கல்லும் இட்லிப் பானையும். விடிவதற்குள் இட்லி வெந்து ரயிலுக்குப் போக வேண்டும். அந்தச் சமையற்கட்டுதான் அவர்கள் பிழைப்பு. அதன் பின்சுவருக்கும் அடுத்த மனையின் கல்வேலிக்கும் இடையில் நாலடி இருந்தால் அதிகம், அவ்வளவுதான் இடம்.

“எடம் எங்க சார் கீது?” என்று அந்த அம்மா கையை விரித்துக் காட்டினார். “நானே பாத்தரம் தேய்க்க ஒருக்களிச்சுத்தான் ஒக்காந்துக்கினு கீறேன்.”

“உங்கள் ஒருத்தரால் தெருவுக்கே கெட்ட பெயர் வரும் அம்மா.”

“செவுரு ஈரமா கீது பாருங்க. தொட்டா மண்ணு வருது.”

“சுவரை ஒட்டியே வெட்டுங்கள். ஒன்றும் ஆகாது. பதிவேட்டில் எழுதுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “சார், நீங்க படிச்சிக் காட்டுன தாள்ல ஆறடின்னு இருந்துச்சே?”

“படித்தவன் நானா, நீயா?” என்றேன்.

தாயும் மகளும் இரண்டு நாள் வெட்டினார்கள். நான் போய்ப் பார்த்தேன். கயிறு சட்டைப்பையிலேயே இருந்தது, வெளியே எடுக்கவில்லை. பதிவேட்டில் ‘ஆறடி’ என்று எழுதினேன்.

அதிகாரி வந்தார். பத்து வீடு பார்த்தார், தோளைத் தட்டினார், போனார். இட்லிக்கார அம்மாவின் வீட்டுப் பக்கம் அவரை நான் அழைத்துப் போகவில்லை. அடுத்த வாரம் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. தெருவில் எல்லாக் குழியிலும் தண்ணீர் நின்றது. ஐந்தாம் நாள் காலை, இட்லிப் பானை அடுப்பில் இருந்தபோது, பின்சுவர் குழிக்குள் சரிந்தது. கூரை உள்ளே இறங்கியது. முன் அறைச் சுவரும் பாதி விழுந்தது. மகள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அந்த அம்மாவுக்கு வலது முன்கை முறிந்தது. எலும்பு முறிந்தவர்கள் புத்தூர்க் கட்டுக்காக எங்கிருந்தோ எங்கள் ஊரைத் தேடி வருவார்கள். அவரை நான்கு பேர் பக்கத்து வைத்தியரிடம் நடத்தியே கூட்டிப் போனார்கள். ஆட்டுக்கல் மண்ணுக்கடியில் போயிற்று.

அரசாங்கம் சொல்லி வெட்டிய குழியால் வீடு விழுந்தால் அரசாங்கமே எடுத்துக் கட்டித் தரும், வீட்டுக்காரர் தன்னிஷ்டத்துக்கு வெட்டியிருந்தால் தராது என்றார்கள். விசாரிக்க ஓர் அதிகாரி சித்தூரிலிருந்து வந்தார். கடலோர ஆந்திராக்காரர், தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. பள்ளிக்கூடத்து அறையில் உட்கார்ந்து, “அந்த அம்மா அவர் பாஷையிலேயே சொல்லட்டும், அப்போதுதான் சரியாக இருக்கும். நீங்கள் தெலுங்கில் எனக்குச் சொல்லுங்கள்” என்று என்னிடமே அந்த வேலையைக் கொடுத்தார்.

அந்த அம்மா கட்டுப்போட்ட கையைத் தாங்கிக்கொண்டு நின்று சொன்னார்:

“எடம் இல்லன்னு சொன்னேன் சார். வாத்தியாருதான் செவுத்த ஒட்டியே வெட்டு, ஒண்ணும் ஆவாதுன்னாரு. அப்புறம் நானும் எம் பொண்ணும் வெட்னோம்.”

மூன்று வாக்கியம். நடுவில் இருந்ததை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் தெலுங்கில் சொன்னேன். இடம் இல்லை, அதனால் தாயும் மகளும் சுவரை ஒட்டி வெட்டிக்கொண்டார்கள். அதிகாரி பதிவேட்டைத் திருப்பினார். “இதில் ஆறடி என்று இருக்கிறதே?” “நான் பார்த்தபோது ஆறடி இருந்தது. பிறகு மாற்றிக்கொண்டார்கள் போலிருக்கிறது” என்றேன். அந்த நாலடிச் சந்தில் ஆறடி எங்கிருந்து வரும் என்று அவர் எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்க்கமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

புத்தூர் ரயில் நிலையத்தில் இட்லி விற்பவருக்குத் தெலுங்கு தெரியாமல் இருக்குமா? எனக்கு அது தெரியும். ஆனாலும் அதிகாரியோடு நான் பேசியது வேகமான புத்தகத் தெலுங்கு. அது அவருக்குப் பிடிபடாது என்று நம்பினேன்.

“நேனு அட்லா செப்பலேது சார்!” என்றார் அந்த அம்மா. நான் அப்படிச் சொல்லவில்லை என்று தெலுங்கிலேயே, அறைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி. தொடர்ந்து எங்கள் ஊர்த் தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னார். நான் சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுக்கவே இல்லை என்பதையும் சொன்னார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மறுத்துப் பேசவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. அது என் இரண்டாவது வாய்ப்பு. சுவரில் மாட்டியிருந்த தேசப்படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“படித்தவர், எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் கோபத்தில் பேசுகிறீர்கள் அம்மா” என்று அவர் காகிதத்தை நகர்த்தினார். “ரேகை வையுங்கள்.”

“வெக்க மாட்டேன். நான் சொன்னத எழுதுங்க, வெக்கறேன்.”

எத்தனை முறை சொல்லியும் வைக்கவில்லை. ‘ரேகை வைக்க மறுத்தார்’ என்று எழுதி, சாட்சிக்குக் கையெழுத்து கேட்டார்கள். முதல் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

வீடு கிடைக்கவில்லை. தை வரைக்கும் ஒரு சத்திரத்தில் இருந்தார்கள். சண்டை நின்று, குழிகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தபோது, தெருக்காரர்கள் அந்த மண்ணைக் கூடையில் கொண்டுவந்து அவர்கள் மனையில் கொட்டினார்கள், சுவர் எழுப்பலாம் என்று. நானும் ஒரு கூடை கொண்டு போனேன்.

“உங்க மண்ணு வேணாம் வாத்தியாரே” என்றார் அந்த அம்மா. “சித்தூருக்குப் போயி நெஜத்த சொல்லுங்க. அது போதும்.”

நான் போகவில்லை. அந்த அம்மாவுக்கு வலது கை சரியாகக் கூடவில்லை, ஆட்டுக்கல்லைச் சுற்ற முடியவில்லை. மனையை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டுக்கு மகளோடு போய்விட்டார். அந்த வருடமே என் வேலை நிரந்தரமானது. முப்பத்து நான்கு வருடம் அதே ஊரில், ‘பொய் சொல்லாதே’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

சென்ற வருடம், எண்பதைத் தாண்டிய பிறகு, சித்தூருக்குப் போனேன். யாரும் சொல்லிப் போகவில்லை. செத்த பிறகு யாராவது என்னைப் பற்றி நல்லதாகப் பேசிவிடுவார்கள் என்ற பயம் வந்தது. நடந்ததைத் தெலுங்கில் இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கலெக்டர் அலுவலகத்தில் இருந்த இளைஞர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது எப்போ நடந்தது தாத்தா?”

“சீனா சண்டை அப்போ.”

“எங்க நைனாவே அப்பப் பொறக்கல. ஃபைலு எங்க இருக்கும்? கரையான் துன்னு முடிச்சிருக்கும். பட்டா, பாஸ்புக்குன்னா சொல்லுங்க, இன்னிக்கே பாக்கறேன்.”

“ஃபைல் வேண்டாம். இதை வாங்கிக்கொண்டு முத்திரை போட்டு ஒரு பிரதி கொடுங்கள்.”

“போட்டா இன்னா ஆவும்?”

“நான் சொன்னது பொய் என்று ஓர் இடத்தில் இருக்கும்.”

“பென்ஷனுக்கு வம்பு வந்தா?”

“வரட்டும்.”

சாப்பாட்டு நேரம் வந்தது, போயிற்று. நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாலை நான்கு மணிக்கு அவரே கூப்பிட்டு, தலையில் அடித்துக்கொண்டு முத்திரை போட்டுக் கொடுத்தார்.

மகள் இப்போது திருப்பதியில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த அம்மா போய் இருபது வருடம் ஆகிவிட்டதாம். கதவைத் திறந்தது மகள்தான், என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நின்றபடியே பிரதியைக் கொடுத்தேன். கதவோரம் நின்று இரண்டு பக்கத்தையும் மெதுவாகப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“செவுத்துலேர்ந்து எத்தினி அடின்னு போட்டுக்கீறீங்க?”

“இரண்டு அடி.”

“ஒன்னரை அடி சார். உள்ள நின்னுக்கினு மண்ண அள்ளிக் குடுத்தது நானு. ஒவ்வொரு கூடைக்கும் மொழங்கை செவுத்துல இடிக்கும்.”

இத்தனை வருடம் கழித்து, பொய்யை ஒப்புக்கொண்டு எழுதிய காகிதத்திலும் அரை அடி எனக்குச் சாதகமாக நகர்ந்திருந்தது. வேண்டுமென்று எழுதவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் பிரதியை வாங்கிக்கொண்டேன். சித்தூருக்கு இனிமேல் பஸ் இருக்கிறதா என்று அவரிடமே கேட்டேன். இருக்கிறது என்றார். மறுநாள் காலை அந்த இளைஞர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே நான் பெஞ்சில் இருந்தேன். புதிதாக எழுதியதில் ஒன்றரை அடி என்று இருக்கிறது.